உள்மூலை

அப்பாவுடைய சட்டையின் நான்காவது பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது, படிக்கட்டில் நாற்காலியின் கால் இடிக்கிற சத்தம் கேட்டது. மூன்றாவது மாடிக்கு வந்திருப்பார்கள். அவள் பொத்தானை விட்டுவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கேட்டிருப்பாரோ என்று ஒரு நொடி பயமாக இருந்தது. விடியற்காலையிலேயே போய்விட்ட மனிதர் எங்கே கேட்கப்போகிறார்.

"நேரம் கடத்தாதம்மா," என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. "விறைச்சுட்டா முழங்கால் மடங்காது. அப்புறம் படாத பாடு."

வெளியே நடையில் யாரோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "ஆமா, அஞ்சாவது மாடி சார்தான். காலைல உக்காந்துட்டாரு."

இந்தக் குடியிருப்பில் யாரும் சாவதில்லை, உட்கார்ந்துவிடுவார்கள். வீடுகளிலிருந்து படிக்கட்டுக்குப் போகிற நடை அத்தனை குறுகல். படிக்கட்டைத் தொடுவதற்கு முன்னால் வெடுக்கென்று ஒரு திருப்பம் வேறு. ஸ்ட்ரெச்சர் அதில் திரும்பாது. அதனால் கைவைத்த மர நாற்காலி ஒன்றில் உட்கார வைத்து, மார்பிலும் இடுப்பிலும் துணியால் கட்டி இறக்குவார்கள். அந்த நாற்காலி கீழே மாடிப்படிக்கு அடியில் எப்போதும் தயாராக இருக்கும். விருந்தாளி வந்தால் இங்கே 'வாங்க, இருங்க' என்பதோடு சரி. வாய் தவறி 'உக்காருங்க' என்று சொன்ன புது மருமகள்கள் மாமியாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு. யாருக்காவது மேல்மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். பிழைப்பதற்காக மட்டும் இல்லை. அங்கே உயிர் போனால் படுத்தபடியே போகலாம்.

அப்பாவும் நேற்றுச் சாயங்காலம் கேட்டார். "இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?"

"வழக்கமா வர்ற இழுப்புதானேப்பா. காலைல போகலாம்."

இதே இழுப்புக்காக இந்த மாதம் இரண்டு முறை லீவு எடுத்தாயிற்று. மூன்றாவது முறை கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது; ராத்திரியே தணிந்துவிடும் என்று நினைத்தாள். அவர் மறுபடி கேட்கவில்லை.

அவர் ஏன் அப்படிப் பயந்தார் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அக்கம்பக்கத்துக்கு அவர் ஏதோ ஒரு ஆபீஸில் பேரேடு எழுதி ரிட்டையரானவர். அவரும் அப்படியேதான் சொல்லிவைத்திருந்தார். உண்மையில் அவர் வீட்டு வசதி அலுவலகத்தில் வரைபடம் போட்டவர். இந்தக் கட்டடத்தை வரைந்ததே அவர்தான்.

முதலில் அவர் போட்ட படத்தில் ஐந்நூறு வீடுகள், தாராளமான நடை. அடிக்கல் நாட்ட வந்த தலைவர் மேடையில் வாய் தவறி 'அறுநூறு' என்றுவிட்டார். கைதட்டல் காதைப் பிளந்தது. மறுநாள் படம் அப்பாவின் மேஜைக்குத் திரும்பி வந்தது. அதே நிலம், அதே உயரம், நூறு வீடு கூடுதல். அறைகளைச் சுருக்கினார், ஜன்னல்களைச் சுருக்கினார், அப்படியும் போதாமல் நடையில் கைவைத்தார்.

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாமேப்பா," என்று ஒருமுறை கேட்டாள்.

"யார்கிட்ட? தட்டின கைதட்டலை ரப்பர் வெச்சு அழிக்க முடியுமா?" என்று சிரித்தார். சிரித்து முடித்ததும், "வேலைய விட்டிருக்கலாம். நீ அப்ப கைக்குழந்தை," என்றார்.

ஊழியர் ஒதுக்கீடு என்று இங்கேயே ஒரு வீட்டையும் கொடுத்தார்கள். விற்கவும் கூடாது, மாற்றிக்கொள்ளவும் கூடாது. தான் போட்ட கோடுகளுக்குள்ளேயே நாற்பது வருடம் இருந்தார். அம்மாவையும் இதே நாற்காலியில்தான் இறக்கினார்கள்.

எந்த வீட்டுத் துக்கத்திலும் நடைத் திருப்பத்தின் உள்மூலையில் நிற்பது அப்பாதான். நாற்காலியைத் திருப்பும்போது இறந்தவரின் முழங்கால் சுவரில் தேயும். அப்பா நடுவில் தன் கையைக் கொடுப்பார், அவருடைய புறங்கை தேயும். சாருக்கு இளகிய மனசு என்பார்கள். அந்த இடத்தில் தவறாமல் யாராவது ஒருவர், இதை வரைந்தவன் விளங்குவானா என்று திட்டுவார். அப்பா "பாத்து, பாத்து" என்பார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கைக்கு மருந்து போட்டுக்கொள்வார்.

நாற்காலி உள்ளே வந்தது. தூக்கி வந்தவர்கள் எதிர் வீட்டு பஸ் டிரைவரும், இரண்டாவது மாடி மீட்டர்க்காரரும். மின்சார மீட்டர் பார்த்து ஓய்வுபெற்றவர். அவர் மனைவி உட்கார்ந்து இரண்டு வருடமாகிறது.

"அண்ணே," என்றாள் அவள். "படுக்க வெச்சுக் கொண்டுபோக வழியே இல்லையா? ரொம்பக் கேட்டுக்கிட்டாரு."

"எல்லாரும்தான் கேட்டுக்கறாங்க தங்கச்சி. வழி இருந்தா என் வீட்டுக்காரிய மூட்டையாட்டம் கட்டி இறக்கியிருப்பேனா?"

அப்பாவைத் தூக்கி உட்கார வைத்தார்கள். முழங்கால் அப்போதே முரண்டு பிடித்தது. தலை சாயாமல் ஒரு துண்டால் நாற்காலியின் முதுகோடு சேர்த்துக் கட்டினார்கள். கண்டக்டரிடம் சில்லறைக்காகக் காத்திருக்கும் பயணியைப் போல உட்கார்ந்திருந்தார்.

முன்னால் மீட்டர்க்காரர், அப்பாவைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்தார். பின்னால் டிரைவர். திருப்பத்துக்கு வந்ததும் டிரைவர், "உள்மூலைக்கு வாங்க சார்," என்று பழக்கத்தில் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நான் நிக்கிறேன்," என்று அவள் பக்கவாட்டில் நுழைந்து, முழங்காலுக்கும் சுவருக்கும் நடுவே கையைக் கொடுத்தாள்.

நாற்காலி பாதி திரும்பி, இரண்டு சுவருக்கும் குறுக்கே சிக்கியது. மீட்டர்க்காரருக்கு மூச்சிரைத்தது. "இதை வரைஞ்ச பாவி எவனோ," என்றார். "அவனையும் ஒருநாள் இப்படித்தான் கட்டி இறக்குவாங்க."

"எங்கப்பாதான்."

"என்னது?"

"இதை வரைஞ்சது எங்கப்பாதான் அண்ணே."

யாரும் அசையவில்லை. நாற்காலியைக் கீழே வைக்க அங்கே இடமில்லை. விட்டுவிட்டுப் போகவும் முடியாது. மீட்டர்க்காரர் முகத்துக்கு எதிரே ஒரு சாண் தூரத்தில் அப்பாவின் முகம் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. நாற்காலியின் கைமேல் கட்டியிருந்த அப்பாவின் புறங்கையைப் பார்த்தார். விரல் கணுக்களில் பழைய காய்ப்புகள், ஒன்றின்மேல் ஒன்றாக. நாற்காலியைப் போட்டுவிடப்போகிறார் என்று நினைத்தாள்.

"கைய எடு தங்கச்சி."

அவள் எடுக்கவில்லை.

"எடுன்னு சொல்றேன்ல."

எடுத்தாள். அவர் பாரத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை முழங்காலுக்கும் சுவருக்கும் நடுவே கொடுத்தார். "ம், திருப்பு," என்றார் டிரைவரிடம். சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. ஐந்து மாடியும் இறக்கினார்கள்.

வண்டி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அதுவரை அப்பா கீழே நாற்காலியிலேயே இருந்தார். மீட்டர்க்காரர் கிட்டே வரவில்லை, எதிர்ச் சுவரோரம் நின்றிருந்தார். வண்டி வந்ததும் கட்டுகளை அவிழ்த்து, ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்தார்கள்.

முழங்கால்கள் நீளவில்லை. மடங்கியது மடங்கியபடியே மேலே நின்றன.

மீட்டர்க்காரர் வந்து ஒரு முழங்காலின்மேல் கையை வைத்து மெதுவாக அழுத்திப் பார்த்தார். தோல் உரிந்த அவருடைய கணுக்களில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"விடுங்கண்ணே," என்றாள் அவள்.

அவர் இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார்.