நான்கடி வாசல்

சுதாகரன் வாசல்நிலையை அளந்துகொண்டிருந்தான். சின்ன மாமனார் செல்லசாமி முற்றத்தில் நின்றபடியே சொன்னார்.

“மாப்ள, அளந்து என்னா செய்யப் போறீங்க? பால் காய்ச்சாத வீடு. மொதல்ல பொணம் பூந்தா அப்புறம் யாரு குடியிருக்கிறது? நம்ம பழைய லயத்து வீட்டுலயே வைப்போம்.”

“லயத்து வாசல் ரெண்டரையடிங்க மாமா.”

“நாங்கெல்லாம் அதுலதானே போனோம்?”

“நீங்க எங்க போனீங்க? இந்தா நிக்கிறீங்க” என்றாள் மீனம்மா. சுதாகரனின் மனைவி லோஜினியின் அம்மா. காலையில் நுவரெலியா ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது.

மூன்று நாள் காய்ச்சலில் லோஜினி போய்விட்டாள். தோஹாவில் ஒன்பது வருஷம் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. புது வீட்டுக்கு வரும் வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச நாள் குறித்திருந்தார்கள்.

வீட்டின் படத்தை லோஜினிதான் தோஹாவில் உட்கார்ந்து வரைந்தாள். வாசல் நான்கடி என்றதும் மேசன் போனில் சிரித்தார். இரட்டைக் கதவு பிரிட்ஜ் வருகிறது என்று அவருக்குச் சொன்னாள். உண்மைக் காரணத்தைச் சுதாகரனிடம் மட்டும் சொன்னாள். அவளுடைய அப்பாவின் சவப்பெட்டியை லயத்து வாசலில் பக்கவாட்டில் சாய்த்துத்தான் வெளியே எடுத்தார்கள். உள்ளே அவர் தலை பலகையில் இடித்த சத்தம் அவளுக்குக் கேட்டது. அப்போது அவளுக்குப் பத்து வயது. “என் வீட்டுல யாரையும் சாய்க்கக் கூடாது” என்றாள்.

போன் அடித்தது. மலர்ச்சாலையின் சவ வண்டியோடு வரும் நண்பன் ரிஸ்வி.

“மச்சான், தலவாக்கலை தாண்டிட்டோம். ஒரு மணித்தியாலத்துல வந்துருவோம். எங்க கொண்டாறது?”

சுதாகரன் செல்லசாமியைப் பார்த்தான். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“ஒரு மணித்தியாலம் இருக்குல்ல?” என்றாள் மீனம்மா. “அவ வந்து சேர்ற வரைக்கும் இது சாவு வீடு இல்ல. பால் காய்ச்சிருவோம்.”

“அண்ணி, நமக்குத் தீட்டு.”

“நமக்குத்தான் தீட்டு. வீட்டுக்கு என்னா தீட்டு? ஷாமிலா நமக்குப் பங்காளியா? அவ காய்ச்சட்டும்.”

பக்கத்து லயத்து ஷாமிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “அடுப்பு எங்கண்ணே?”

அடுப்பு, கப்பலில் வந்த பெட்டிகளில் இருந்தது. மொத்தம் இருபத்துமூன்று. ஒவ்வொன்றிலும் லோஜினியின் கையெழுத்து. ‘1: கரண்ட் அடுப்பு, பால் சட்டி. முதலில் பிரிக்கவும்.’ லொறிக்காரர்கள் அதை முதலில் இறக்கி, புது வீட்டின் கடைசிச் சுவரோரம் வைத்துவிட்டார்கள். மற்ற இருபத்திரண்டும் அதற்கு முன்னால் கூரை வரை நின்றன. அவள் திட்டத்தில் அது ஒன்றுதான் தப்பு.

ஷாமிலா வேலியருகே போய்க் குரல் கொடுத்தாள். துக்கத்துக்கு வந்திருந்த பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள். தேயிலைக் கொழுந்து மூட்டையைக் கைமாற்றுவதுபோல் வரிசையாக நின்றார்கள். பெட்டிகள் முற்றத்துக்குப் போயின.

“அம்மாடி! அக்கா தோஹாவையே பேத்துக்கிட்டு வந்துருச்சா?”

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார்கள். “சிரிங்கடி. அவளும் சிரிப்பா” என்றாள் மீனம்மா.

சுதாகரன் ஒன்றாம் பெட்டியை அறுத்தான். அடுப்பு. சட்டி. சட்டிக்குள் ஒரு புதுத் தீப்பெட்டி, கற்பூரம், சீனி. அடுப்பின் பிளக் சதுரப் பின். லயத்தில் எல்லாம் உருண்டைப் பின். புது வீட்டில் சதுரத் துளைதான் வைக்க வேண்டும் என்று எலெக்ட்ரீசியனோடு அவள் போனில் இரண்டு நாள் சண்டை போட்டாள். சுதாகரன் பிளக்கைச் செருகினான். சரியாகப் பொருந்தியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

ஷாமிலா பாலை ஊற்றினாள். சுதாகரனும் வீட்டாரும் வெளியே வந்து நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். பால் எழுந்தது, விளிம்பில் நின்றது, கிழக்குப் பக்கமாக வழிந்தது.

“பொங்கிருச்சு!”

ஒருத்தி குலவையிட்டாள். மற்றவர்களும் சேர்ந்தார்கள். மலைச்சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். செல்லசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

“இங்கயே கொண்டாரச் சொல்லுங்க மாப்ள. பெட்டிங்கள ஓரமா தள்ளுங்க. பாதைய விடுங்க.”

வளைவில் ஹார்ன் சத்தம் கேட்டது. ஷாமிலா அடுப்பை அணைத்தாள்.

சவப்பெட்டியை ஆறு பேர் இறக்கினார்கள். சுதாகரன் முன்னால் வலப்பக்கம் பிடித்தான். ஷாமிலா வேலியில் ஒரு செவ்வந்தியைக் கிள்ளி மூடியின் மேல் வைத்தாள். படி ஏறினார்கள். வாசலருகே நின்ற செல்லசாமி பழக்கத்தில் கையைத் தூக்கினார்.

“கொஞ்சம் சாச்சு…”

சொல்லவந்தவர் நிறுத்திக்கொண்டார். கை மெல்ல இறங்கியது.

அவர்கள் இரண்டு பக்கமும் நிமிர்ந்தபடியே உள்ளே போனார்கள். யார் முழங்கையும் நிலையில் படவில்லை. காய்ச்சிய பாலின் வாசனை அடித்தது. செவ்வந்தி, வைத்த இடத்திலேயே இருந்தது.