வேகாத கால்கள்

மரக்காணத்து உப்பளத்தில், அம்பாரமாய்க் குவித்த உப்புக்கு முன்னால் மணிவண்ணன் பொம்மலாட்டத்துக்கு ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டியிருந்தான். ‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்று போர்டு வைத்தது தப்பாகப் போயிற்று. கிளியனூர் வரைக்கும் சேதி பரவி, பைக்கில் வந்து இறங்கிய ஆண்கள் முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். பொம்மை சேலையை அவிழ்க்கும் என்று நம்பி வந்தவர்களுக்கு முதல் காட்சியே சுடுகாடு.

மணிவண்ணன் திரை இடுக்கால் எட்டி எட்டிப் பார்த்தது அவர்களை அல்ல. அவர்களுக்கு நடுவில், அவன் காதலிக்கும் சந்தியாவின் அம்மா ரேணுகா உட்கார்ந்திருந்தாள். “பொம்ம ஆட்டறவனுக்குப் பொண்ணு குடுக்கலாமா வேணாமான்னு ஆட்டத்தப் பாத்துட்டுச் சொல்றேன்” என்று சொல்லியிருந்தாள்.

சந்தியாவின் அப்பா காசிலிங்கம் முப்பது வருஷம் உப்பளத்தில் வேலை பார்த்துவிட்டுப் போன வருஷம் செத்தவர். எரித்ததில் மற்றதெல்லாம் சாம்பலாக, உப்பில் ஊறி இறுகிய பாதங்கள் மட்டும் வேகாமல் கிடந்தனவாம். சந்தியா அழுதுகொண்டே சிரித்துச் சொன்ன அந்தக் கதைதான் இன்றைய ஆட்டம். இதுதான் ஆட்டம் என்று அம்மாவிடம் சொல்லும் வேலையை இருவரும் ஒருவர் தலையில் ஒருவர் கட்டிவிட்டதில், யாருமே சொல்லவில்லை.

சிதை அணைந்தது. இரண்டு மரப்பாதங்கள் எழுந்து, சாம்பலை உதறிவிட்டு வேலைக்குக் கிளம்பின. முதலாளி பொம்மை கத்தியது:

“ஏம்பா, சாவறதுன்னா லீவு சொல்லிட்டுச் சாவ மாட்டியா? இப்ப வெறுங்காலோட வந்து நிக்கிற. கைநாட்ட யாரு வெப்பா?”

கூட்டம் சிரித்தது. ரேணுகா சிரிக்கவில்லை. பாதங்கள் உப்புப் பாத்தியில் இறங்கித் தரை இறுக மிதிக்கத் தொடங்கியதும் எழுந்தாள்.

“நிறுத்துடா!”

மணிவண்ணனின் கையில் குச்சிகள் அப்படியே நின்றன. அவள் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

“மன்னிச்சிருங்க ஆன்ட்டி, அவர கேலி பண்ணணும்னு இல்ல...”

“அத வுடு. நீ எந்த ஊரு?”

“பிரம்மதேசம்.”

“அதான பாத்தேன், நெல்லு வெளையற ஊரு. நாத்து நடப் போறவன் மாதிரி தூக்கித் தூக்கி வெக்கிற. பாத்தி குண்டும் குழியுமா ஆயிடாது? எம்புருஷன் இப்படி மிதிச்சிருந்தா அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. குடு இங்க.”

குச்சிகளை வாங்கினாள். ஒரு பாதத்தை ஒட்டி இன்னொன்று, இடம் விடாமல், அழுத்தி அழுத்தி மிதிக்க வைத்தாள். முதலாளி பொம்மையை நெருங்கியதும் ஓர் உதை விட்டாள். அது அம்பாரத்தில் போய்க் குப்புற விழுந்தது. முன்வரிசை விசிலடித்தது.

“உயிரோட இருக்கறப்ப பாவம், அந்த மனுசனுக்கு இது தோணல” என்றாள். மரவிரல்களில் ஒட்டியிருந்த சாம்பலை முந்தானையால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

“தை பொறந்தா பாத்தி மிதிப்பாங்க. வந்து கத்துக்க. உங்கம்மா அப்பாவையும் இட்டுகினு வா.”

“அவங்களும் மிதிக்கணுங்களா?”

“கூமுட்ட! தட்டு மாத்த வேணாமா?”