பயனாளியும் போட்டியில் கலந்துகொள்ளலாமா?

1

இந்தக் கதை பிறந்த இடம் என் அத்தானின் மீசை. இப்படி ஆரம்பித்தால் முதல் சுற்றிலேயே தூக்கிவிடுவார்கள் என்று தெரியும். அதனால் முதலில் வேறு மாதிரி ஆரம்பித்துப் பார்த்தேன்.

‘வலி. அது வெறும் சொல் அல்ல. அது ஒரு’

ஒரு என்ன? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. போட்டிக்கு வந்திருக்கிற கதைகளில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கின்றனவாம். அவர்களுக்கு மட்டும் எப்படியோ வந்திருக்கிறது. சரி, இன்னொன்று.

‘ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு உள்ளே அவளும்’

இதையும் விட்டுவிட்டேன். என் கடையில் ஜன்னல் கிடையாது. கண்ணாடிதான் உண்டு, அதில் மழை தெரியாது.

நான் அழகு நிலையம் வைத்திருப்பவள். முடி வெட்டுவது, சாயம் பூசுவது, புருவம் திருத்துவது என் தொழில். அறை சின்னது. நடுவில் ஒரு சுழல் நாற்காலி. இன்னொன்று போட இடமில்லை. காத்திருப்பவர்கள் வெளியே படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாற்காலி வாடிக்கையாளருக்கு, நிற்பது எனக்கு. நின்று நின்றே என் இடது இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது என்று நான் சொல்கிறேன். நின்றால் அப்படித் தேயாது, இது வேறு கோளாறு என்கிறார் டாக்டர். காரணத்தில்தான் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. மூட்டை மாற்றியாக வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. மாற்றாவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

(இந்த இடத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் வைக்கலாமா என்று பார்த்தேன். ‘உருக்கம்’ என்று தனி மதிப்பெண் இருக்கிறது. இருக்கட்டும், போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம்.)

2

அத்தான் என் அக்காவின் கணவர். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற கையோடு எழுத்தாளர் ஆகிவிட்டார். இணையத்தில் ‘ஈர மை இலக்கிய வட்டம்’ என்று ஒன்றை நடத்துகிறார். தலைவர் அவர், பொருளாளர் ஒரு பல் டாக்டர். மீதி உறுப்பினர்கள் அத்தனை பேரும் துணைத்தலைவர்கள்.

ஒரு நாள் அத்தான் என் எக்ஸ்ரேயை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“சும்மா காசு கேட்டா எவனும் தரமாட்டான். கதை எழுதுன்னு சொல்லிப் பாரு, கட்டணம் கட்டிட்டு வரிசையில நிப்பான்.”

மனிதர்களைத் தெரிந்தவர். அப்படியே நடந்தது. போட்டிக்கு ‘வலியின் வரிகள்’ என்று பெயர். நடுவர் குழுவுக்கும் அத்தானே தலைவர். நுழைவுக் கட்டணம் முழுவதும் பயனாளியின் அறுவை சிகிச்சைக்கு என்று அறிவிப்பு. பயனாளி என்பது நான்தான். என் கௌரவத்தை முன்னிட்டுப் பெயர் போடவில்லை என்றார்கள்.*

* படமும் போடவில்லை. கேட்டார்கள், நானும் என்னிடம் இருந்ததிலேயே நல்ல படமாகப் பார்த்து அனுப்பினேன். பல் டாக்டர் போன் செய்தார். “சிரிக்காத படம் ஏதாவது இருக்காம்மா? பல்லெல்லாம் வரிசையாத்தான் இருக்கு, குறை சொல்லல. ஆனா இது உதவி தேவைப்படுற முகமா இல்லையே.” கடைசியில் கன்னத்தில் கை வைத்திருக்கும் யாரோ ஒரு வயதான அம்மாவின் படத்தை எங்கிருந்தோ எடுத்துப் போட்டார்கள். என் வாடிக்கையாளர் ஒருத்தி அதை என்னிடமே காட்டி, “பாவம்க்கா, இந்த வயசுல இந்தம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷனாம்” என்று வருத்தப்பட்டாள். நானும் பாவம்தான் என்றேன். எனக்கு உண்மையிலேயே பாவமாகத்தான் இருந்தது.

விதிமுறைகளைப் படித்துப் பார்த்தேன். கண்ணில் பட்ட எல்லாரையும் தடுத்திருந்தார்கள். ஏற்கெனவே பரிசு வாங்கியவர்கள் கூடாது, வேறு வட்டத்துக்காரர்கள் கூடாது, ஒரே கதையை இரண்டு இடத்துக்கு அனுப்புகிறவர்கள் கூடவே கூடாது. பயனாளி கூடாது என்று மட்டும் எங்கேயும் இல்லை. பயனாளி எழுதுவாள் என்று யாருக்குத் தோன்றும்?

எழுதினேன். ஆட்கள் வராத மத்தியான நேரங்களில் போனிலேயே தட்டி, புனைபெயர் போட்டு, கட்டணம் கட்டி அனுப்பினேன். சொந்த இடுப்புக்குத் தானே நன்கொடை கொடுத்த ஆள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கதை இதுதான்: ஒரு பெண்ணின் இடது இடுப்பும் வலது இடுப்பும் ஓர்ப்படிகள், ஒரே வீட்டுக்கு வந்த இரண்டு மருமகள்கள். ‘எல்லா வேலையும் என் தலையிலதான்’ என்று வலது புலம்பும். ‘எனக்கு உடம்பு சரியில்ல’ என்று இடது படுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெண் பஞ்சாயத்து பண்ணுவாள். எழுதும்போது நான் வாய்விட்டுச் சிரித்தேன். படியில் காத்திருந்த ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

3

மீசைக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கி வைப்பேன், அத்தான் குனிந்து உள்ளே வருவார். தலைக்கும் மீசைக்கும் சாயம். மாதாமாதம் நடப்பது இது. பெண்களுக்கான கடையில் இந்த ஒருவருக்குத்தான் விதிவிலக்கு. விஷயம் அக்காவையும் என்னையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. (இப்போது நடுவர் குழுவுக்கும் தெரியும். மன்னிக்கவும் அத்தான்.)

“சீக்கிரம் முடி. சாயங்காலம் நடுவர் கூட்டம் இருக்கு.”

“வீடியோவுலதானே அத்தான்? மூஞ்சி மட்டும்தானே தெரியும்.”

“மீசை வேற எங்கம்மா இருக்கு?”

தலையை முடித்து மீசைக்கு வந்தேன். மேலுதட்டை அசைக்கக் கூடாது என்று சொன்னேன். அத்தானால் பேசாமல் இருக்க முடியாது. போனைக் கண்ணுக்கு நேரே தூக்கி வைத்துக்கொண்டு, கீழுதட்டை மட்டும் ஆட்டிப் பேசினார்.

“எவனோ ஒருத்தன் எழுதியிருக்கான் பாரு. இடுப்பு ரெண்டும் ஓர்ப்படியாம். சண்டை போட்டுக்குதாம்.”

என் கையில் பிரஷ் நின்றுவிட்டது. “நல்லா இருக்கா அத்தான்?”

“சிரிப்பு வந்துடுச்சு. அதுதானே தப்பு.”

“அப்புறம்?”

“நிராகரிச்சாச்சு. நான் எழுதின குறிப்பைக் கேளு.” தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். “‘வலியை அறியாத கை எழுதிய கதை. இவ்வெழுத்தாளர், இடுப்பு வலியால் அவதிப்படும் ஒருவரை ஒரு மணி நேரமாவது அருகிலிருந்து பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்.’ எப்படி?”

அவர் வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். நான் அவ்வளவு நேரமும் வலது காலில் நின்றுகொண்டு, இடது முழங்கையைச் சுவரில் ஊன்றியபடி அவருக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். எதிரே ஆளுயரக் கண்ணாடி. அதில் நாங்கள் இரண்டு பேரும் தெரிந்தோம். அவர் தன் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்ல குறிப்பு அத்தான்.”

“கொஞ்சம் காட்டமாப் போச்சோ?”

“இல்ல. நிமிர்ந்து உக்காருங்க.”

எனக்கு அவமானமாக இருந்தது. சிரித்தாராமே என்று சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது? கண்ணாடியைப் பார்க்காமலே வேலையை முடித்தேன். வெளியே குனிந்து போகும்போது அத்தான் திரும்பி, “பரிசளிப்பு அன்னிக்கு நீ வீடியோவுல ரெண்டு வார்த்தை பேசணும். அழுகை வந்தா அடக்காத, என்ன?” என்றார்.

4

இந்த அத்தானை நம்ப முடிகிறதா? எழுதியவரைக்கும் படித்துப் பார்த்தேன். சினிமா வில்லனுக்குத் தம்பி மாதிரி வந்திருக்கிறார். ஒரு பாத்திரத்தை இப்படி ஒரே பக்கமாக இழுத்துவிட்டுப் போவது நியாயமில்லை.

ஆகவே, திருத்தம்: ஸ்கேன் எடுக்கப் போன ஒவ்வொரு தடவையும் ஸ்கூட்டரில் கூட்டிப் போனவர் அவர். மேடு பள்ளத்தில் எனக்கு வலிக்குமென்று தெரு முழுக்க மெதுவாக உருட்டிக்கொண்டு போவார், பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டுவார்கள். மருத்துவமனையில் எனக்காக மணிக்கணக்கில் வரிசையில் நின்றவரும் அவர்தான். நின்றதில் அவருக்கே முட்டி வலி வந்து, அதைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். எனக்கு அவரைப் பிடிக்கும். இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன், உருக்கத்துக்கு ஏதாவது கிடைத்தால் கிடைக்கட்டும்.

அப்படிப்பட்டவருக்கு என் வலி எப்படித் தெரியாமல் போகும் என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசித்தேன். தெரியாமல் இல்லை. எக்ஸ்ரேயில் தெரிகிறது, ஸ்கூட்டரின் பின்சீட்டில் தெரிகிறது, அறிவிப்பில் இருக்கும் அந்த அம்மாவின் கன்னத்தில் தெரிகிறது. வேலை செய்துகொண்டே, வாயடித்துக்கொண்டே, “நிமிர்ந்து உக்காருங்க” என்று அதட்டுகிறவளிடம் மட்டும் அவருக்குத் தெரிவதில்லை. வலிக்கிறவள் ஜோக் அடிக்கிறாள் என்றால், ஒன்று வலி பொய், இல்லாவிட்டால் ஜோக் பொய் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வலி அதிகமானால் என் வாயும் அதிகமாகும். அக்காவைக் கேட்டுப் பாருங்கள்.

5

அக்காவைக் கேட்டேன்.

கடைசித் தேதியை நீட்டித்திருக்கிறார்கள். இன்னும் நிறைய வலி வரும் என்று எதிர்பார்க்கிறார்கள் போலிருக்கிறது. அதனால் நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கதையை இரண்டாவது படைப்பாக அனுப்பலாம் என்று எழுத ஆரம்பித்தேன். போன பகுதி வரை அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். முதலில் சிரித்தாள். மீசை வந்ததும் சிரிப்பு நின்றது.

“அடியே, இதை அனுப்பப் போறியா?”

“ஏன், நல்லா இல்லையா?”

“நல்லா இருக்கறதுதான் பயமா இருக்கு. ஆஸ்பத்திரியில தேதி வாங்கியாச்சு. பணம் வட்டத்துக் கணக்குல இருக்கு. கையெழுத்துப் போட வேண்டியவரு யாரு?”

“அத்தான்.”

“அவரைப் போய் ஊர் சிரிக்க வச்சா? ரோஷக்காரரு. போட்டியே வேணாம், எல்லாருக்கும் காசைத் திருப்பிக் கொடுன்னு சொல்லிட்டாருன்னா நீ எங்கடி போவ?”

நான் சீப்பில் சிக்கியிருந்த முடியை உருவினேன்.

“ஒண்ணு பண்ணு. மீசையை மட்டும் எடுத்துடு. அந்தக் குறிப்பு, சண்டை எல்லாம் இருந்துட்டுப் போகட்டும்.”

“மீசையை எடுத்தா அவரு எதுக்குக்கா என் கடைக்கு வரணும்? எதுக்கு அந்த நாற்காலியில உக்காரணும்?”

மீசையை அவள் விட்டுவிட்டாள். பிறகு, “உனக்கு ஆபரேஷன் முக்கியமா, கதை முக்கியமா?” என்றாள்.

இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் ஆபரேஷன். எனக்கும் தெரியும். நடக்க வேண்டும், நிற்க வேண்டும், கடை வேண்டும். ஆனால் அந்தப் பணத்தில் எழுந்து நிற்கப் போகிறவள் யார்? கன்னத்தில் கை வைத்த அந்த அம்மாவா, நானா? அவளுக்கு வந்த பணத்தை வாங்கிக்கொண்டு, வீடியோவில் அவளுக்காக அழுதும் காட்டிவிட்டு, அப்புறம் காலமெல்லாம் நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவள் முகத்தையா வைத்துக்கொள்ள முடியும்?

(இந்தப் பத்தி கட்டுரை மாதிரி இருக்கிறது. வெட்டலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். வேண்டாம், இருக்கட்டும்.)

6

விதி சொல்கிறது: ‘கதையின் முடிவு நம்பிக்கை தருவதாக அமைய வேண்டும்.’ முயன்று பார்த்தேன்.

முடிவு ஒன்று. கதைக்கு முதல் பரிசு. பரிசளிப்பு விழாவில் அத்தான் கண்கலங்க, பல் டாக்டர் முதல் துணைத்தலைவர்கள் வரை அத்தனை பேரும் தத்தம் வீடியோக் கட்டங்களுக்குள் எழுந்து நின்று கை தட்ட, புதிய இடுப்போடு நான்

நம்பிக்கை கூடிப்போய்விட்டது. தவிர, பரிசுப் பணமும் அதே கணக்கிலிருந்துதான் வரும். நான் ஜெயித்தால் என் இடுப்பிலிருந்து ஒரு துண்டை எனக்கே வெட்டிக் கொடுப்பார்கள்.

முடிவு இரண்டு. அத்தான் இதைப் படிக்கிறார். யார் எழுதியது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. போனை வைக்கிறார். கணக்கை மூடுகிறார். ஞாயிற்றுக்கிழமை ஷட்டர் பாதி திறந்தே கிடக்கிறது, யாரும் குனிந்து வரவில்லை. மாதக் கடைசியில் வீடியோவில் ஒரு வெள்ளை மீசை

இதை எழுதும்போது எனக்கு உண்மையாகவே அழுகை வந்துவிட்டது. கேமரா இல்லை, வீணாய்ப் போயிற்று.

முடிவு மூன்று. பரிசளிப்புக்கு முன்பு ஒரு ஞாயிறு பாக்கி இருக்கிறது. ஷட்டரைப் பாதி தூக்கி வைத்திருக்கிறேன். சாயத்தைக் கலக்கியாகிவிட்டது. அத்தான் குனிந்து உள்ளே வருகிறார். இந்தக் கதையைப் படித்துவிட்டார் என்பது நடையிலேயே தெரிகிறது. வழக்கமாக வந்ததும் தொப்பென்று உட்காருவார், இன்று உட்காரவில்லை. நாற்காலியின் முதுகில் கை வைத்து நிற்கிறார். கண்ணாடியில் முதலில் மீசையைத்தான் பார்க்கிறார், பழக்கம். பிறகு, சுவரில் ஊன்றியிருக்கும் என் முழங்கையைப் பார்க்கிறார். வாயைத் திறக்கிறார். அத்தான் சொன்னது:

“                                        ”

இந்த வசனத்தை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் கற்பனை என்று குறிப்பு எழுதுவீர்கள். நடுவர் குழுத் தலைவர் அவர்களே, அதை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். நிரப்பும் முன் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், என் கடையில் நாற்காலி ஒன்றுதான்.