மாமியார் சொன்ன முதல் பிரசவம்

வாருங்கள், இந்தப் பிரசவ அறைக்குள் வந்து நில்லுங்கள். கட்டிலில் நிறைமாதக்காரி ஒருத்தி படுத்திருக்கிறாள். வாய் அவளுக்கும் இருக்கிறது. பேசுவதோ பக்கத்தில் நிற்கும் மாமியார். பெற்றவளின் வரலாற்றை மற்றவர் சொல்லும் இந்த அநீதிக்கு நீங்கள் சாட்சியாக வேண்டும்.

"இது எத்தனாவது?" என்று கேட்டாள் செவிலி. வார்டில் சேரும் ஒவ்வொருத்தியிடமும் அவள் முதலில் கேட்கும் கேள்வி அது.

"முதல்தான் சிஸ்டர்," என்றார் மாமியார்.

"கலைஞ்சது, குறைமாசம், இறந்து பொறந்தது ஏதாவது?"

"அதெல்லாம் எங்க வம்சத்துலயே கிடையாது."

"வலி எப்படி இருக்கும்மா?"

"விட்டு விட்டு வருதாம்."

"ஏம்மா, பிரசவம் உங்களுக்கா அவளுக்கா?"

மாமியார் சிரித்தார். மருமகள் சிரிக்கவில்லை. அவள் பார்வை கட்டில் ஓரத்தில், ஒரு குழந்தையின் தலை எட்டும் உயரத்தில் நிலைகுத்தி நின்றது. தொங்கவிட்ட கை வெறுங்காற்றைக் கோதிக்கொண்டிருந்தது. சிக்கு விழுந்த முடியில் விரல் மாட்டினால் எப்படி நிற்குமோ அப்படி நின்று, பிரித்து, மறுபடி கோதியது.

செவிலி அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். சிவந்த புதுக் கோடுகளுக்கு நடுவே வெள்ளியாய் வெளுத்த பழைய கோடுகள். இந்த வயிறு முன்பும் நிறைந்திருக்கிறது. அன்று ஆபத்து ஏதும் நேர்ந்திருந்தால் அது இன்றும் நேரலாம். அது இன்னதென்று தெரியாமல் போனால் இவள் உயிரே போகலாம்.

"முதல்தானே?"

"எத்தனை தடவை கேப்பீங்க? முதல்தான்."

செவிலியின் அங்கி நுனியை யாரோ கீழிருந்து பிடித்திழுத்தார்கள். கட்டில் சக்கரத்தில் மாட்டியிருக்கும் என்று குனிந்தாள். மாட்டவில்லை. துணியில் சின்னஞ்சிறு பிடி ஒன்றின் கசங்கல் மட்டும் இருந்தது. அவள் பார்க்கப் பார்க்க அது மெல்ல விரிந்தது.

நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள்.

"அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க."

"என்கிட்ட மறைக்க அவகிட்ட என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லேன்னா, வெளியில நிக்கறதுல உங்களுக்கென்ன கஷ்டம்?"

முணுமுணுத்தபடி மாமியார் வெளியேறினார். கதவு சாத்தப்பட்டதும் மருமகள் வாய் திறந்தாள்.

"ரெண்டாவது சிஸ்டர். முதல்ல ஒரு பொண்ணு, வீட்லயே பொறந்தா. அழவே இல்ல. நஞ்சுக்கொடி உள்ளயே தங்கிடுச்சு. ரத்தம் நிக்கல, கண்ணெல்லாம் இருட்டிட்டு வந்தது. வெளியில தெரிஞ்சா குடும்பத்துக்கு அசிங்கம்னு ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டு வரல. அப்படி ஒருத்தி பொறக்கவே இல்லேன்னு சொல்லச் சொன்னாங்க."

"உன் வீட்டுக்காரர்?"

"அம்மா போட்ட கோட்டைத் தாண்ட மாட்டார்." கை காற்றைத் தடவிக்கொடுத்தது. "முதல்னு சொல்றப்பல்லாம் இவ கோவிச்சுக்கறா. வளந்துட்டே வேற வர்றா சிஸ்டர். போன மாசம் என் முட்டி உயரம்தான் இருந்தா."

செவிலி சீட்டை எடுத்தாள். 'இரண்டாவது' என்று எழுதினாள். நஞ்சு தங்கியதையும் எழுதினாள். மருத்துவரிடம் ஓடிச் சொன்னாள். ரத்தம் கொண்டுவந்து வைக்கச் செய்தாள். பரபரப்பைக் கண்டு உள்ளே வந்த மாமியாருக்கு விஷயம் புரிந்தது.

"எழுதினதை அடிச்சிடுங்க சிஸ்டர். நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

"அந்த நாலு பேரும் வந்து ரத்தம் குடுப்பாங்களா?"

மாலையில் பிள்ளை பிறந்தது, வீறிட்டு அழுதது. நஞ்சு வரவில்லை. ரத்தம் கட்டிலை நனைத்துத் தரையில் வழிந்தது. மருத்துவர் ஆயத்தமாக இருந்தார்; ஏற்ற வேண்டிய ரத்தம் கையருகில் இருந்தது. தாய் பிழைத்தாள். மறைத்த உண்மை இன்னும் சற்று மறைந்தே கிடந்திருந்தால், அந்தப் பிள்ளையைத் தூக்கத் தாய் இருந்திருக்க மாட்டாள்.

படிப்பவர்களே, பார்த்தோம் என்று கலைந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டிலும் இல்லை என்று சொல்லிப் புதைத்த பிள்ளை உண்டானால், இன்றே மருத்துவமனைக்குப் போய் உண்டென்று சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பெண்ணிடம் செவிலி கேள்வி கேட்கும்போது குறுக்கே வாய் திறக்காதீர்கள். எழுந்து வெளியே போங்கள். அவள் சொல்லட்டும்.