நாலு விரல் இடைவெளி

எங்கள் சமையலறையில் இரண்டு மேசைகள். பெரியதில் நான் சாப்பிடுவேன், சின்னதில் என் கணவர் ஈஸ்பிராண்ட் சாப்பிடுவார். இரண்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாதென்று இரண்டையும் சேர்த்து மூடுகிற மாதிரி ஒரே விரிப்பைத் தைத்துப் போட்டிருந்தேன். யாரை ஏமாற்ற? அவர் சபைக்கு வெளியே இருக்கிறார் என்பது பன்னிரண்டாம் காம்ப் என்கிற எங்கள் குடியிருப்பில் இருக்கிற நாற்பது வீட்டுக்கும் தெரியும். சபை விலக்கியவரோடு சபையார் ஒரே மேசையில் சாப்பிடக்கூடாது. அவர் கையிலிருந்து எதையும் வாங்கக்கூடாது. பால் வாளியானாலும் சரி, தையல் ஊசியானாலும் சரி, அவர் கீழே வைப்பார், நான் எடுத்துக்கொள்வேன். கட்டின புருஷனிடம்தான்.

மூத்த பையன்கள் இரண்டு பேரும் கல்யாணமாகித் தனியே போய்விட்டார்கள், அவர்களும் சபையார். வீட்டில் மிச்சம் கடைக்குட்டி நேத்தா. ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அவள் நாலு வருஷமாக அப்பாவோடு சின்ன மேசையில்தான் உட்கார்ந்தாள். நான் உப்புக் கேட்டால் அவர் எடுத்து அவளிடம் கொடுப்பார், அவள் என்னிடம் கொடுப்பாள். சும்மா கொடுக்கமாட்டாள்.

"அப்பா, அம்மா உப்புக் கேக்குறாங்க. உங்களையும்தான் கேக்குறாங்க, வாய்விட்டுச் சொல்ல வெக்கமாம்."

"உதைபடப் போறே நீ" என்பேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். எங்கள் வீட்டில் சிரிப்பு என்று இருந்தது அதுதான்.

எல்லாம் இவளால் வந்தது. இல்லை, அப்படிச் சொன்னால் என் நாக்கு வெந்துவிடும். என்னால் வந்தது.

அவளுக்குப் பதினாலு வயதில் ஒரு நாள் காலையில் வயிற்று வலி என்றாள். கஷாயம் போட்டுக் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் உடம்பு அனலாய்க் கொதித்தது, வயிற்றைத் தொடவிடவில்லை. எங்களவர்கள் லாரியோ காரோ ஓட்டக்கூடாது என்பது சபைக் கட்டுப்பாடு, ஆனால் வெளியாள் ஓட்டினால் வாடகை கொடுத்து ஏறிக்கொள்ளலாம். வழக்கமாக லாரி கொண்டுவருகிற வெளியூர்க்காரர் ரொசெந்தோவுக்குச் சொல்லி அனுப்பினோம். வந்தார், பாவம். வந்து இறங்கிய இடத்திலேயே வேலியோரம் சரிந்துவிட்டார். அவர் ஊரில் அன்று திருவிழா. மூக்கு முட்டக் குடித்திருந்தார்.

ஈஸ்பிராண்ட் ஒரு நிமிஷம் லாரியைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். ரொசெந்தோவைத் தூக்கிப் பின்னால் போட்டார். நேத்தாவை என் மடியில் கிடத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். வயலுக்கென்று சபை அனுமதிக்கிற இரும்புச் சக்கர டிராக்டர் மட்டுமே ஓட்டிப் பழகின கை. டவுன் ஆஸ்பத்திரிக்குச் சேற்றுச் சாலையில் மூன்று மணி நேரம் ஓட்டினார். குடல்வால் வெடித்திருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் பிள்ளை இல்லை என்றார் டாக்டர்.

அடுத்த வாரம் சபை மூப்பர் பெர்கன் வீட்டுக்கு வந்தார். ரொசெந்தோ நல்ல மனுஷன், தானே ஓட்டியதாக ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். ஈஸ்பிராண்ட் வாயைத் திறக்கவில்லை. மூப்பர் என் பக்கம் திரும்பினார்.

"யூஸ்டினா, வண்டிய ஓட்டினது யாரு?"

எங்களுக்கு ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. நாங்கள் சத்தியம் செய்யமாட்டோம், சொல்கிற பேச்சே சத்தியம்.

"இவருதான்" என்றேன்.

அப்போதும் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. சகோதரர்கள் முன்னால் முழங்காலிட்டு, செய்தது தப்பு என்று சொன்னால் கைகொடுத்துச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். இவர் ஒரே பிடியாக மாட்டேன் என்றார். "பொண்ணு கண்ணு முன்னாடி ஓடியாடிக்கிட்டு இருக்கா. அவளக் காப்பாத்தினது தப்புன்னு எந்த வாயால சொல்றது?" அன்றைக்குத்தான் கொட்டகையிலிருந்து சின்ன மேசை உள்ளே வந்தது.

இந்த வருஷம் நேத்தாவுக்கும் கொர்னேலியுஸ் பன்மானுக்கும் கல்யாணப் பேச்சு முடிந்தது. தங்கமான பையன், காதுதான் கொஞ்சம் பெரிசு. ஞானஸ்நானம் வாங்காமல் எங்களில் கல்யாணம் இல்லை. பெந்தெகொஸ்தே ஞாயிறன்று அவள் சபையில் சேரவேண்டும். சேர்ந்த நிமிஷத்திலிருந்து அவளும் அப்பாவோடு சாப்பிடக்கூடாது, அவர் கையிலிருந்து எதுவும் வாங்கக்கூடாது.

"எனக்கு ஞானஸ்நானமும் வேணாம், கல்யாணமும் வேணாம்" என்று தட்டைத் தள்ளினாள். "அவரு வேற யாரையாவது கட்டிக்கட்டும்."

"அந்தக் காதுக்கு வேற எவடி கிடைப்பா?" என்றார் அவர். அவள் சிரிக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "வியாழக்கிழமை சகோதரர் கூட்டம் இருக்கில்ல, நான் போறேன். மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடறேன்" என்றார்.

வியாழக்கிழமை குதிரையைப் பூட்டும்போது பின்னாலேயே போனேன். "கேக்குறதுக்கெல்லாம் தலைய ஆட்டிட்டு வாங்க. அங்க போயி நியாயம் பேசாதீங்க."

"சரி, சரி. உள்ள போ" என்றார்.

அவர் போனதும் சின்ன மேசையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய்க் கொட்டகையில், பால் கேன்களுக்குப் பக்கத்தில் போட்டேன். இனி அது கேன் கழுவுவதற்குத்தான். பன் சுட்டேன், பன்றித் தொடையை வாட்டினேன், உலர்ந்த பிளம் பழங்களைப் போட்டுக் கூழ் காய்ச்சினேன். என் தட்டுக்குப் பக்கத்தில் அவர் தட்டை வைத்தேன். வைத்துவிட்டு எடுத்தேன், துடைத்து மறுபடி வைத்தேன். நேத்தா என்னைப் பார்த்து, "புதுப் பொண்ணு நானா நீங்களாம்மா?" என்றாள்.

வண்டிச் சத்தம் கேட்டது. ஈஸ்பிராண்ட் உள்ளே வந்து தொப்பியைக் கழற்றினார். மேசையைப் பார்த்தார், பக்கத்தில் பக்கத்தில் இருந்த தட்டுகளைப் பார்த்தார். திரும்பிக் கொட்டகைக்குப் போனார். சின்ன மேசையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். பழைய இடத்தில் வைத்து, நடுவில் கையைக் கொடுத்து நாலு விரல் இருக்கிறதா என்று பார்த்தார்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"எல்லாம் சொன்னேன். கட்டுப்பாட்ட மீறிட்டேன், மன்னிச்சிடுங்கன்னு முட்டி போட்டேன். மூப்பர் கையக்கூட நீட்டிட்டாரு. அப்புறம் கடைசியா ஒண்ணு கேட்டாரு. அதே நாள் திரும்ப வந்தா லாரிச் சாவியத் தொடமாட்டேல்லன்னு."

"மாட்டேன்னு சொல்லவேண்டியதுதானே!" கத்திவிட்டேன். "ஒரு வார்த்தை! பெத்த பொண்ணுக்காக ஒரே ஒரு பொய் சொன்னா நாக்கு அழுகிடுமா உங்களுக்கு?"

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு உன்னால சொல்ல முடிஞ்சுதா, யூஸ்டினா?"

நாலு வருஷத்தில் அவர் இதை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நான் அடுப்பு ஓரம் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நேத்தா அழுதாள், ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் போகப்போவதில்லை என்றாள்.

"போகத்தான் போற" என்றார். "என்கூட உக்காந்து கெழவியாகுறதுக்கா உன்னத் தூக்கிக்கிட்டு ஓடினேன்? போயி வாழுடி."

ஞாயிறன்று கருப்பு உடையில் அவள் முழங்காலிட, மூப்பர் அவள் தலையில் தண்ணீர் வார்த்தார். வெளியே எல்லாப் பெண்களும் என்னைக் கட்டிக்கொண்டு வாழ்த்தினார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு நேத்தா தட்டை எடுத்துக்கொண்டு நேராகச் சின்ன மேசைக்குப் போனாள். கால் பழகின பழக்கம். பாதியில் நின்றாள், திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலைமுடி இன்னும் ஈரமாக இருந்தது. ஜெபித்தோம். நான் இரண்டு வாய் சூப்புக் குடித்திருப்பேன், கேட்காமலே அவர் உப்பு ஜாடியை எடுத்து வழக்கம்போல நேத்தாவிடம் நீட்டினார். அவளும் வழக்கம்போலக் கையை நீட்டிவிட்டாள்.

விரல் தொடுகிற நேரத்தில் அவர்தான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஜாடியைத் தன் மேசையின் ஓரத்தில் வைத்தார். அது நின்றதா என்று பார்த்துவிட்டுக் கையை எடுத்தார்.

"எடுத்துக்கோம்மா" என்றார்.

அவள் எடுத்து என்னிடம் கொடுத்தாள். "அம்மா, உப்பு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்வாளென்று நானும் காத்திருந்தேன், அவரும் தலையைக் குனிந்தபடி காத்திருந்தார். சூப்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் போட்டுக்கொண்டேன்.