சொட்டவிட்ட குழாய்

எனக்கு வாய் நீளம் என்று, சக்கர வண்டிகளையே வீடாக்கி வாழ்கிற இந்த டிரெய்லர் பார்க்கில் எல்லாருக்கும் தெரியும். நாயை அவிழ்த்துவிடுகிறவன், பனியை வாரி அடுத்தவன் வாசலில் கொட்டுகிறவன் என்று நான் திட்டாத ஆள் இங்கே கிடையாது. திருமதி ஃபென்டன் முன்னால் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவர் குழந்தைகள் நலத்துறை. செத்துப்போன என் தங்கை நோரீனின் மகள் ஜூனியை என்னிடம் விடலாமா கூடாதா என்று கோர்ட்டுக்கு எழுதப்போகிறவர் அவர்தான்.

முதல் தடவை வந்தபோது பாத்திரத் தொட்டிக்குக் கீழே குனிந்து பார்த்தார். பச்சை பிடித்த செம்புக் குழாய் ஒழுகி, நான் வைத்திருந்த சட்டி தளும்பிக் கிடந்தது.

"டார்லா, ஆறு வயசுக் குழந்தை அவ. சுடுதண்ணியும் பச்சத்தண்ணியும் ஒழுங்கா வரணும். தரை காஞ்சு இருக்கணும். வெள்ளிக்கிழமை காலையில திரும்ப வரேன். அன்னிக்கு மத்தியானம்தான் கோர்ட். நீங்க வர வேண்டாம், நான் எழுதுறதை வெச்சுத்தான் முடிவு."

தூரத்து மாநிலமான ஒரிகனில் ஒரு புருஷன் பெண்டாட்டி ஜூனியைத் தத்தெடுக்கக் காத்திருப்பதையும் சொன்னார். மறைக்காமல் சொன்ன மனுஷியை எப்படித் திட்டுவது?

ஜூனி இப்போது நலத்துறை தற்காலிகமாக விட்டிருக்கிற யாரோ ஒருவர் வீட்டில் இருக்கிறாள். சாயங்காலம் போன் பேச விடுவார்கள். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "பெரியம்மா, உங்க வண்டியில குளிக்கச் சுடுதண்ணி வருமா? அம்மாகூட இருந்தப்ப வராது."

"வரும்டி தங்கம். நீ வர்றதுக்குள்ள வரும்."

சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் ஏது? இந்த டிரெய்லர் அறுபத்தேழாம் வருஷத்தில் செய்தது. யாரோ லீவுக்கு ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்திச் சந்தோஷமாக இருப்பதற்காகச் செய்தது. வயோமிங் குளிர்காலத்தில் ஒருத்தி இதில் குடித்தனம் நடத்துவாள் என்று செய்தவன் கனவிலும் நினைத்திருக்க மாட்டான்.

தம்பி லைலைக் கூப்பிட்டேன். நகரத்தில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறான். வீடு வாசல் என்று இருக்கிறவன். லீவு போட்டுவிட்டு, சிவப்பும் நீலமுமாகப் பிளாஸ்டிக் குழாய்ச் சுருள்களைப் பின்சீட்டில் அடைத்துக்கொண்டு வந்து இறங்கினான். சிவப்பு சுடுதண்ணிக்கு, நீலம் பச்சத்தண்ணிக்கு.

கட்டில் பெட்டியைப் பிரித்தோம். அடியில் எலி கட்டிய கூடு. செம்புக் குழாய் சக்கர மேட்டைச் சுற்றி, அலமாரிக்குப் பின்னால் புகுந்து, கண்ணுக்குத் தெரியாத இடத்திலெல்லாம் போயிருந்தது. பழைய பனியில் வெடித்த இடங்களில் யார் யாரோ ஈயம் வைத்து ஒட்டியிருந்தார்கள். லைல் ரம்பத்தை வைத்து அறுக்க அறுக்க நான் துண்டுகளை வெளியே எறிந்தேன்.

"மெதுவாக்கா. இது நம்ம ரெண்டு பேரைவிடவும் மூத்தது. மரியாதை குடு."

"மரியாதையா? என் உசிரை வாங்கினதுக்கு இதுக்கு மாலை வேற போடணுமா? அறுடா பேசாம!"

சிரித்தான். அவன் படுத்துக்கொண்டே நீளக் கைப்பிடி இடுக்கியால் செப்பு வளையத்தைக் குழாய்மேல் நெரிப்பான். நான் விளக்குப் பிடித்துக்கொண்டு அவன் கோணலாக வைப்பதாகக் கத்துவேன். "அக்கா, நீ கத்துறதுல பாதிக் குழாய் தானாவே நேராயிடுச்சு" என்பான். அவன் முட்டியெல்லாம் தோல் உரிந்து ரத்தம். நோரீன் பெயரை நாங்கள் இருவருமே எடுக்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் தண்ணீரைத் திறந்தோம். ஒவ்வொரு மூட்டாகத் தடவிப் பார்த்தேன், ஒரு பொட்டு ஈரம் இல்லை. கேஸ் ஹீட்டரைப் பற்றவைத்துக் கொஞ்ச நேரம் கழித்துக் குளியல் மூலையில் கையை நீட்டினால் சுடச்சுடத் தண்ணீர். அழுதுவிட்டேன். லைல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பசிக்குது, சோறு போடுற எண்ணம் இருக்கா இல்லையா?" என்றான். பீன்ஸும் கறியும் போட்டுச் சில்லி காய்ச்சினேன். சட்டியை வழித்துத் தின்றோம்.

அன்றைக்குக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபது போகும் என்று ரேடியோவில் சொன்னார்கள். சொல்லட்டுமே, வெளிக்குழாயில் சூடுபடுத்தும் கம்பி சுற்றியிருக்கிறது என்று அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன்.

காலையில் காலைக் கீழே வைத்தேன், கணுக்கால்வரை ஐஸ் தண்ணீர்.

குளியல் தட்டிலிருந்து தண்ணீர் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. தரைப் பலகை ஊறி உப்பிக் கிடந்தது. கீழே இருந்த மின்சாரக் கணப்பில் தண்ணீர் ஏறிக் கரண்ட் போயிருந்தது. கதவோரத்தில் ஈரம் அதற்குள் உறையத் தொடங்கிவிட்டது. பாத்திரத் தொட்டிக் குழாயில் தண்ணீர் நூல்போல ஓடிக்கொண்டிருந்தது.

"யார்றா இதைத் திறந்தது?"

லைல் பெஞ்சில் எழுந்து உட்கார்ந்தான். முகத்தில் ஒரு பெருமைகூட இருந்தது. "நான்தான்க்கா. ஓடுற தண்ணி உறையாதுன்னு குளிருக்கு அம்மா எல்லாக் குழாயையும் சொட்ட விடுவாங்கல்ல? புதுக் குழாய் வெடிச்சிடக் கூடாதேன்னு..."

அப்புறம்தான் தரையைப் பார்த்தான்.

அம்மா விடுவாள். இந்த ஊரில் வீட்டில் வளர்ந்த எல்லாரும் விடுவார்கள். வீட்டின் சாக்கடை மண்ணுக்குள் ஆழமாகப் போகிறது, உறையாது. என் வண்டியின் கழிவுக்குழாய் திறந்த தரையில் கிடக்கிறது. நூல்போலப் போகிற தண்ணீர் போகிற வழியிலேயே உறையும், ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து குழாயையே அடைத்துவிடும். அப்புறம் தொட்டியில் விழுகிற தண்ணீரெல்லாம் தாழ்வாக இருக்கிற குளியல் தட்டு வழியாகத் திரும்பி மேலே வரும். ராத்திரியில் இங்கே ஒரு சொட்டும் விடக் கூடாது. பார்க்கில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியும். ஊரையே திட்டுகிற இந்த வாய் அவனிடம் இந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

கம்பளி, துண்டு, என் கோட்டு, எல்லாவற்றையும் போட்டு ஒற்றினோம். லைல் கொதிக்கிற தண்ணீரோடு வண்டிக்கு அடியில் புகுந்தான். ஒன்றும் அசையவில்லை.

திருமதி ஃபென்டன் சொன்ன நேரத்துக்கு வந்தார். படியிலேயே நின்று உள்ளே பார்த்தார்.

"குழாயெல்லாம் புதுசு மேடம். பாருங்க, சுடுதண்ணி வருது." ஓடிப்போய்த் திறந்தேன். ஆவி பறக்க வந்தது. போக வழியில்லாமல் மறுபடி தட்டில் ஏறியது. அவசரமாக மூடினேன்.

"தெரியுது டார்லா. நீங்க எவ்ளோ பாடுபட்டிருக்கீங்கன்னு எழுதுறேன். ஆனா தரை நனைஞ்சிருக்கு, கரண்ட் இல்ல, கணப்பு இல்ல. அதையும் நான் எழுதணும்."

"ஒரே ஒரு நாள் குடுங்க. உங்க கால்ல விழுறேன்."

"என்கிட்ட நாள் இருந்தா குடுத்திருப்பேன்மா." அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அதனால் எனக்கு என்ன லாபம்?

மத்தியான வெயில் ஏறியதும் கழிவுக்குழாய்க்குள் ஒரு சத்தம். கை நீளத்துக்கு ஐஸ் துண்டு ஒன்று நழுவிப் பள்ளத்தில் விழுந்தது. தட்டில் நின்ற தண்ணீர் முழுக்கத் தானாக இறங்கிப்போனது. லைல் சேற்றில் உட்கார்ந்து, "என்னைக் கொன்னுடுக்கா, ஏதாவது சொல்லு, திட்டு" என்றான். என்னால் முடியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

நாலு மணிக்குக் கோர்ட்டிலிருந்து தகவல் வந்தது. ஜூனி ஒரிகனுக்குத்தான்.

சாயங்காலம் வழக்கம்போலப் போன் அடித்தது.

"பெரியம்மா, சுடுதண்ணி வந்துச்சா?"

"வந்துச்சுடி தங்கம்."

"நெஜமாவா? சூடா?"

"ரொம்பச் சூடா."

 

"அப்போ என்னை ஏன் கூப்பிட்டுக்கல?"

லைல் கையை நீட்டிப் போனைக் கேட்டான். நான் கொடுக்கவில்லை. காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள், "பெரியம்மா? இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.