பழைய அளவில் ஓர் ஊஞ்சல்

கடையை மூடியபோது துணி வெட்டும் மேசையைத் தவிர எல்லாவற்றையும் விற்றுவிட்டேன். ஒன்பதடித் தேக்கு. யாருக்கும் தர மனம் வரவில்லை. வீட்டின் பின்பக்கத்தில் அது இரண்டு வருடம் சும்மா கிடந்தது. நானும் அதன் பக்கத்தில் சும்மா கிடந்தேன்.

என் மனைவி ஊஞ்சல் கேட்டது இன்று நேற்றல்ல. இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரமே பின்பக்கத் தோட்டத்தில் நின்றுகொண்டு, இங்கே ஓர் ஊஞ்சல் போட்டால் நன்றாக இருக்கும் என்றாள். பார்க்கலாம் என்றேன். முப்பத்தொரு வருடம் பார்த்தேன். தையல்காரன் வாக்குக்கு என்ன மரியாதை என்று எல்லோருக்கும் தெரியும். 'நாளைக்கு வாங்க' என்பது எங்களுக்கு வணக்கம் சொல்வது மாதிரி. வாடிக்கையாளர்கள் கடைவாசலில் நின்று சண்டை போட்டாவது வாங்கிப்போவார்கள். அவள் சண்டை போடத் தெரியாதவள்.

போன மாதம் அவளைக் காட்டப் போனபோது டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். மருந்தை நிறுத்திவிடலாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். வாரக் கணக்குதான் என்றார். வெளியே வந்து அவளிடம், மருந்து ஒத்துக்கொள்ளவில்லையாம், வேறு மாற்றப்போகிறார்களாம் என்று புளுகினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அன்று சாயங்காலம் ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்தபடி சொன்னாள்:

"அந்த ஊஞ்சல்ல ஒரு தடவை நானே கால ஊனி ஆடணுங்க. யாரும் தள்ளிவிடக் கூடாது."

மகள் ரெடிமேடாக ஒன்று வாங்கிவிடலாம் என்றாள். எங்கள் வீட்டில் அது கெட்ட வார்த்தை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அம்மாவைக் குளிப்பாட்டித் துணி மாற்றிவிட்டு வேலைக்கு ஓடுகிறவள். ஆனாலும் எரிந்து விழுந்தேன். மேசையை அறுத்து நானே செய்கிறேன் என்றேன்.

கடையில் எங்கள் வேலை இப்படித்தான் நடக்கும். நான் நாடாவைப் பிடித்து எண்ணைச் சொல்வேன், அவள் நோட்டில் எழுதுவாள். கடைசி அளவுக்குக் கீழே துணி கொடுக்க வேண்டிய தேதியைப் போடுவாள். யாராவது கெஞ்சினால் ஓரத்தில் 'அவசரம்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு இழுப்பாள். மூக்கைச் சிந்துகிறவர்களுக்கெல்லாம் கோடு போட்டுவிடுவாள். உனக்கு உலகமே அவசரம் என்று நான் கத்துவேன்.

எனக்கென்று ஒரு சட்டம் இருந்தது. பழைய அளவை வைத்து வெட்ட மாட்டேன். போன மாதம்தான் தைத்தவர் என்றாலும் வந்து நின்று புதிதாக அளவு கொடுக்க வேண்டும். பெரிய மனிதர்களையே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இப்போது நாடாவை எடுத்துக்கொண்டு இரண்டு முறை அவள் கட்டில்வரை போனேன். போர்வைக்குள் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது கண்ணுக்கே தெரிந்தது. அதை ஓர் எண்ணாக என் வாயால் சொல்ல வேண்டும். தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். நோட்டைத் தேடி எடுத்தேன். ஏழு வருடத்துக்கு முன்பு அவளுக்குத் தைத்தபோது எடுத்த அளவுகள் அவள் கையெழுத்திலேயே இருந்தன. இடுப்புச் சுற்று நாற்பத்தொன்று, உட்கார்ந்தால் முதுகிலிருந்து முழங்கால் மடிப்புவரை பத்தொன்பதரை. அந்த உடம்பை எனக்குத் தெரியும். அதற்குத்தான் ஊஞ்சலை வெட்டினேன்.

ரம்பம் என் பேச்சைக் கேட்கவில்லை. கத்தரி பிடித்த கை, பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தேன். பழக்கதோஷத்தில் பலகைக்கும் சுற்றிலும் அரை அங்குலம் தையலுக்கு விட்டிருந்தேன். போல்ட்டும் சங்கிலியும் வாங்கப் போனபோது இரும்புக்கடைக்காரர் என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, ஊஞ்சல் பெருத்தால் பிரித்துவிடலாம் என்றா என்று கேட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த மாதத்தில் நான் சிரித்தது அது ஒன்றுதான்.

அறுக்கத் தொடங்கிய பதினோராம் நாள் காலையில் ஊஞ்சல் தோட்டத்தில் தயாராகத் தொங்கியது. அவள் உட்காரும் அகலம், சாய்ந்துகொள்ள முதுகுப் பலகை, கைப்பிடி. நானே ஏறி ஆடிப் பார்த்தேன். ஒரு கிறீச் கூட இல்லை.

மகளும் நானும் அவளைத் தாங்கிக் கொண்டுவந்து உட்காரவைத்தோம். முதுகு பலகையில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு காலை ஊன்றப் பார்த்தாள். கால் தரையைத் தொடவில்லை. முழங்கால் மடிப்பு பலகையின் விளிம்புக்கே வரவில்லை. பாதம் இரண்டும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தன. விரல்களை நீட்டினாள். முன்னால் நகர்ந்தாள். கால் எட்டியது, ஆனால் சாய இடமில்லாமல் முதுகு பின்னால் சரிந்தது. மகள் பிடித்துக்கொண்டாள்.

"நான் மெதுவா தள்ளிவிடுறேன்மா."

"வேண்டாம்."

எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. நாற்பது வருடம் ஊரார் உடம்புக்கெல்லாம் அச்சாக வெட்டியவன், என் பெண்டாட்டிக்குப் பலகை வெட்டத் தெரியாமல் நின்றேன். அவள் தன் இடுப்புக்கும் கைப்பிடிக்கும் நடுவில் இருந்த இடைவெளியைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"இது எந்த வருஷத்து அளவு?"

நான் சங்கிலியைச் சரிபார்ப்பது போலக் குனிந்தேன்.

"பழசுல வெட்டினீங்களா? நீங்களா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. நோட்டையும் நாடாவையும் எடுத்துவரச் சொன்னாள்.

மகள் அவளைப் பின்னாலிருந்து தாங்கி நிறுத்தினாள். நான் நாடாவை இடுப்பில் சுற்றினேன். அது சுற்றி வந்து தன்மேலேயே நிறைய ஏறிக்கொண்டது.

"முப்பத்தாறு" என்றேன்.

அவள் கையிலிருந்த பென்சில் அசையவில்லை.

"சரியா சொல்லுங்க. மரம் வீணாப் போயிடும்."

"இருபத்தொன்பது."

எழுதிக்கொண்டாள். பிறகு அவளை உட்காரவைத்து, முதுகிலிருந்து முழங்கால் மடிப்புவரை அளந்தேன். நோட்டில் பத்தொன்பதரை இருந்தது, இப்போது பதினாறே முக்கால். அதையும் சொன்னேன். முதுகுப் பலகையைக் கழற்றி, கொஞ்சம் முன்னால் தள்ளி மாட்டினால் போதும், நாளைக்கு முடித்துவிடுகிறேன் என்றேன்.

"நாளைக்கா" என்று லேசாகச் சிரித்தாள்.

நோட்டில் குனிந்து இன்னும் ஏதோ எழுதிவிட்டு, மூடி என்னிடம் கொடுத்தாள். மகள் அவளை உள்ளே கூட்டிப்போனாள்.

ஊஞ்சலில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். இரண்டு எண்கள், கோணல்மாணலாக. அவற்றுக்குக் கீழே தேதி போடும் இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். ஓரத்தில் 'அவசரம்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தாள்.

அப்போதே ஸ்பேனரை எடுத்தேன். பலம்கொண்ட மட்டும் திருகியும் முதல் போல்ட் கழலவே இல்லை.